மின்பொறியியல்: என்டியுவா, எஸ்ஐடியா? மகளுக்கு இரண்டிலும் இடம் வந்திருக்கிறது

உட்லண்ட்ஸ் வாசி

எல்லோருக்கும் வணக்கம். மகள் இந்த ஆண்டு பாலி (பலதுறைத் தொழிற்கல்லூரி) முடித்தாள். மின், மின்னணுப் பொறியியல் டிப்ளமா. ஜிபிஏ 3.6ஐ ஒட்டி வந்திருக்கிறது. என்டியுவில் (நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) மின், மின்னணுப் பொறியியலுக்கு இடம் வந்துவிட்டது. எஸ்ஐடியில் (சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகம்) மின்திறன் பொறியியலும் கிடைத்திருக்கிறது. எஸ்யுடிடியில் (சிங்கப்பூர் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகம்) நேர்முகத்துக்குப் போய்வந்தாள், அந்த முடிவு இன்னும் வரவில்லை. மே கடைசிக்குள் ஏதாவது ஒன்றை ஏற்றுக்கொண்டாக வேண்டும்.

என் அண்ணன் என்டியு என்ற பெயரைக் கேட்டதுமே, "இதில் யோசிக்க என்ன இருக்கு?" என்று பேச்சை முடித்துவிட்டார். மனைவிக்குத் தூரம்தான் கவலை. மகளைக் கேட்டால், "ரெண்டும் பிடிச்சிருக்குப்பா, நீங்களே சொல்லுங்க" என்கிறாள்.

நான் கட்டடப் பராமரிப்பில் மின்சார வேலை பார்க்கிறேன். எரிசக்திச் சந்தை ஆணையத்தின் தொழில்நுட்பர் நிலை உரிமம் இருக்கிறது. அந்த உரிமத்தில் 150 கேவிஏ மின்சுமை வரைதான் வடிவமைத்துக் கையெழுத்துப் போட முடியும். அதற்கு மேல் என்றால் பொறியாளர் நிலை உரிமம் உள்ளவர் வந்து போட வேண்டும். வேலை முழுவதும் எங்கள் கையில் நடக்கும், கடைசிக் கையெழுத்துக்கு மட்டும் காத்திருப்போம். மகள் அந்த வரம்பில்லாத உரிமம் வரை போக வேண்டும் என்று மனத்தில் ஓர் ஆசை. அதற்கு எந்த வழி நல்லது? இரண்டிலும் படித்தவர்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் சொல்லுங்கள்.

மின்னியல்காரன்

அண்ணே, முதலில் வாழ்த்துகள். நான் என்டியுவில் அதே துறையில் படித்தவன். இப்போது சிப் செய்யும் வேஃபர் ஆலையில் வேலை.

நான் என்டியு பக்கம்தான் பேசுவேன். காரணம் பெயர் இல்லை, அகலம். அந்தத் துறை ரொம்பப் பெரியது. முதல் இரண்டு ஆண்டு எல்லாவற்றிலும் கால் வைத்துவிட்டு, அப்புறம்தான் மின்திறனா, கட்டுப்பாட்டியலா, குறைக்கடத்தியா, தொலைத்தொடர்பா என்று பிரிவார்கள். 20 வயதுப் பிள்ளைக்கு நாளைக்கு எது பிடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? நான் சேரும்போது எனக்கு வேஃபர் என்றால் என்னவென்றே தெரியாது. மூன்றாம் ஆண்டில் ஒரு பாடம் எடுத்தேன், அது பிடித்துப்போய் இந்த வேலைக்கு வந்தேன். உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே உட்லண்ட்ஸில் பெரிய வேஃபர் ஆலைகள் இருக்கின்றன. பாசிர் ரிஸ், அங் மோ கியோ பக்கமும் உண்டு. மின்திறன் மட்டுமே படித்தால் அந்தக் கதவு கொஞ்சம் சாத்திக்கொள்ளும்.

மின்திறனே வேண்டும் என்றாலும் என்டியு சளைத்ததில்லை. செமாக்காவ் தீவில் சூரியசக்தி, காற்று, மின்கலம் எல்லாம் சேர்த்துத் தனி மின்கட்டமைப்பு நடத்திப் பார்க்கிறார்களே, அந்த ஆராய்ச்சியை நடத்துவது என்டியுதான்.

தூரம் உண்மை. உட்லண்ட்ஸிலிருந்து ஜூரோங் ஈஸ்ட் வந்து, அங்கே ரயில் மாறி, பூன் லே அல்லது பயனியரில் இறங்கி 179 பேருந்து பிடிக்க வேண்டும். காலை 8.30 வகுப்பு என்றால் கஷ்டம்தான். ஜூரோங் வட்டார ரயில் பாதை வளாகத்துக்குள்ளேயே வரப்போகிறது, ஆனால் இன்னும் கட்டி முடியவில்லை. அதனால் விடுதிக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை உண்டு. இரண்டாம் ஆண்டிலிருந்து விடுதி நடவடிக்கைகளில் சேர்ந்து புள்ளி எடுத்தால்தான் அறை நிற்கும்.

செங்காங் தம்பி

அங்கிள், நான் எஸ்ஐடியில் பொறியியல் படிக்கிறேன், இப்போது மூன்றாம் ஆண்டு. நானும் பாலி வழியாக வந்தவன்தான்.

எங்கள் படிப்பில் பெரிய விஷயமே வேலையோடு இணைந்த பயிற்சி. 8 மாதத்திலிருந்து 12 மாதம் வரை நிறுவனத்தில் இருக்க வேண்டும். அவ்வளவு காலம் ஒரே இடத்தில் இருந்தால் நம்மை விருந்தாளி மாதிரி வைத்திருக்க மாட்டார்கள். நிஜ வேலை கொடுப்பார்கள்.

நான் ஒரு ஸ்விட்ச்போர்டு நிறுவனத்தில் இருந்தேன். முதல் மாதம் வரைபடம் திருத்தினேன். பிறகு தளத்துக்கு அனுப்பினார்கள். புது ஸ்விட்ச்போர்டுக்கு மின்சாரம் கொடுப்பதற்கு முன் பஸ்பார் (மின்சாரம் ஓடும் உலோகப் பட்டை) போல்ட் ஒவ்வொன்றையும் டார்க் ரெஞ்சால் சொன்ன அளவுக்கு இறுக்கி, போல்ட்டிலிருந்து தகடு வரைக்கும் மார்க்கரால் ஒரு கோடு போட வேண்டும். பின்னால் யாராவது வந்து பார்க்கும்போது கோடு விலகியிருந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அடுத்து மெக்கர் வைத்து ஒவ்வொரு ஃபேஸுக்கும் இன்சுலேஷன் பார்ப்போம். ஒரு தடவை ஒரே ஒரு ஃபேஸில் அளவு குறைவாக வந்தது. மேற்பார்வையாளர் உடனே பதில் சொல்லவில்லை. "எங்கே இருக்கும்னு நீயே தேடு" என்றார். கேபிள் நுழையும் இடத்தில் ஈரம். துடைத்து, காயவைத்து, மறுபடி அளந்தால் சரியாகிவிட்டது. இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ் பற்றி வகுப்பில் ஒரு மணி நேரம் கேட்டிருப்பேன். புரிந்தது அன்றைக்குத்தான்.

புங்கோல் வளாகம் புதிது. வளாகத்துக்கென்றே மின்கட்டமைப்பை நடத்தும் எஸ்பி குழுமத்தோடு சேர்ந்து ஒரு மைக்ரோகிரிட் (சிறு மின்கட்டமைப்பு) அமைத்திருக்கிறார்கள், மின்திறன் படிக்கிறவர்களுக்கு அது பக்கத்திலேயே இருக்கிற பெரிய ஆய்வுக்கூடம். புங்கோல் கோஸ்ட் ரயில் நிலையமும் 2024 டிசம்பரில் திறந்துவிட்டது. உட்லண்ட்ஸிலிருந்து செங்காங்குக்குப் பேருந்து பிடித்து, அங்கே ரயில் ஏறலாம்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு நீண்ட விடுமுறை குறைவு. ஆண்டு முழுக்க ஓடிக்கொண்டே இருப்போம். அதை உங்கள் மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தெம்பனிஸ் அக்கா

தம்பி, எஸ்யுடிடி பற்றி நான் சொல்கிறேன், என் மகன் அங்கேதான். 2012இல் முதல் மாணவர்களைச் சேர்த்த பல்கலைக்கழகம், அப்பர் சாங்கியில் இருக்கிறது. முதல் மூன்று தவணையும் எல்லோருக்கும் ஒரே பாடம். அதற்குப் பிறகுதான் எந்தத் துறை என்று தேர்ந்தெடுப்பார்கள். பெரிய விரிவுரை அரங்கில் உட்கார்ந்து கேட்பதைவிட, ஐம்பது பேர் அளவில் ஒரே வகுப்பாக உட்கார்ந்து, குழுவாக ஏதாவது செய்துகொண்டே இருப்பதுதான் அதிகம். என் மகன் ஜேசியிலிருந்து (தொடக்கக் கல்லூரி) வந்தான். என்ன படிக்க வேண்டும் என்று அவனுக்கே தெரியாது. அவனுக்கு அது ரொம்பப் பொருத்தமாக அமைந்தது.

உங்கள் மகள் மூன்று ஆண்டு மின்சாரம் படித்துவிட்டு வருகிறாள். மறுபடி பொதுப்பாடத்தில் தொடங்கினால் அலுத்துப்போகலாம். இடம் கிடைத்தாலும் அதை யோசித்துக்கொள்ளுங்கள். உட்லண்ட்ஸிலிருந்து தாம்சன் பாதையில் ஸ்டீவன்ஸ் வந்து, டவுன்டவுன் பாதைக்கு மாறி, தீவின் அந்த முனை வரை வர வேண்டும்.

உட்லண்ட்ஸ் வாசி

எல்லோருக்கும் நன்றி. எஸ்யுடிடியிலிருந்து நேற்றுப் பதில் வந்தது, இடம் இல்லை. ஆக இரண்டில் ஒன்று.

செங்காங் தம்பி, மெக்கர் கதையை மகளிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தாள்.

என் அண்ணன் திரும்பத் திரும்பச் சொல்வது சம்பளமும் தரவரிசையும்தான். "என்டியு உலகத் தரவரிசையில் எங்கே இருக்கு, எஸ்ஐடி எங்கே இருக்கு?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதை எப்படிப் பார்க்க வேண்டும் என்று யாராவது விளக்க முடியுமா?

பழைய விரிவுரையாளர்

பாலியில் நெடுங்காலம் மின்பொறியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். இந்தக் கேள்வியோடு ஒவ்வோர் ஆண்டும் பெற்றோர் வந்து என் மேசை முன் நிற்பார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உலகத் தரவரிசையில் என்யுஎஸ்ஸும் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) என்டியுவும் முன்வரிசையில் இருப்பது உண்மை. ஆனால் அந்தப் பட்டியல்களில் பெரும் எடை எதற்கு? ஆராய்ச்சிக் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன, மற்றப் பேராசிரியர்கள் அந்தப் பல்கலைக்கழகத்தை எப்படி மதிக்கிறார்கள் என்பவற்றுக்கு. பிஎச்டி படிக்கப் போகிறவர் அதைப் பார்க்கத்தான் வேண்டும். இளநிலை வகுப்பில் உங்கள் மகளின் சந்தேகத்துக்கு யார் பதில் சொல்வார்கள் என்பது அந்தப் பட்டியலில் இல்லை. எஸ்ஐடி வேலைக்கு ஆள் தயார் செய்வதற்கென்றே 2009இல் தொடங்கி, 2014இல் தன்னாட்சிப் பல்கலைக்கழகம் ஆனது. ஆராய்ச்சியை எண்ணிப் போடும் பட்டியலில் அதைத் தேடிப் பயனில்லை.

சம்பளத்துக்குப் பட்டதாரி வேலைவாய்ப்பு ஆய்வு ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. கல்வி அமைச்சின் தளத்திலேயே துறைவாரியாகப் பார்க்கலாம். எல்லோரும் நடுவில் இருக்கும் இடைநிலைச் சம்பளத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அதே அட்டவணையில் 25ஆம் சதமானம் என்று ஒரு நிரல் இருக்கும். கடைசிக் கால்பங்கில் இருக்கும் பிள்ளைக்கு அதற்கு மேல் கிடைக்கவில்லை என்று பொருள். பெற்றோர் அந்த நிரலைப் பார்க்க வேண்டும். அப்புறம் முழுநேர நிரந்தர வேலை எத்தனை சதவீதம் என்பதையும் பாருங்கள். மொத்த வேலைவாய்ப்பு விழுக்காட்டில் பகுதிநேர வேலையும் சேர்ந்திருக்கும். ஒரே ஆண்டை வைத்து முடிவு செய்யாதீர்கள், மூன்று நான்கு ஆண்டுகளை அடுக்கிப் பாருங்கள். இது படித்து முடித்துக் கிட்டத்தட்ட ஆறு மாதத்தில் எடுக்கும் கணக்கு என்பதையும் மனத்தில் வையுங்கள்.

உங்கள் உரிமக் கேள்விக்கு வருகிறேன். பொறியாளர் நிலை உரிமத்துக்கு அங்கீகாரம் பெற்ற மின்பொறியியல் பட்டமும் அனுபவமும் வேண்டும். இங்கே பல்கலைக்கழகத்துக்கு மொத்தமாக அங்கீகாரம் கிடையாது. பொறியாளர் கழகத்தின் அங்கீகார வாரியம் ஒவ்வொரு படிப்பையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் கொடுக்கிறது. எனவே, "இந்தப் படிப்பு, இந்த ஆண்டுச் சேர்க்கைக்கு அங்கீகாரம் உண்டா?" என்று இரண்டு இடத்திலும் மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் வாங்குங்கள். அந்த அங்கீகாரம் இருந்தால் வாஷிங்டன் உடன்பாட்டில் உள்ள நாடுகளும் அதை ஏற்கும். சிங்கப்பூர் 2006இலிருந்து அதில் முழு உறுப்பினர். நாளைக்கு ஆஸ்திரேலியா போனாலும் உதவும்.

பாடவிலக்கையும் எழுத்தில் கேளுங்கள். பாலியில் படித்த எத்தனை பாடத்துக்கு விலக்கு, அதனால் மொத்தக் காலம் எவ்வளவு குறையும் என்று. ஒரு தவணை குறைந்தாலே கட்டணம் குறையும், சம்பளமும் முன்னதாக வரும். ஆனால் கணக்குப் பாடத்துக்கு விலக்குக் கொடுத்தாலும் அதை வாங்காமல் படிக்கச் சொல்வேன். பாலிக் கணக்கும் பல்கலைக்கழகக் கணக்கும் ஒன்றில்லை. ஜேசி பிள்ளைகள் ஏ நிலைத் தேர்வின் எச்2 கணக்கைக் கரைத்துக் குடித்துவிட்டு வருவார்கள். என் மாணவர்களில் என்டியு, என்யுஎஸ் போனவர்கள் தடுமாறிய இடம் பெரும்பாலும் முதலாண்டுக் கணக்குதான். அதைத் தாண்டியவர்கள் மூன்றாம் ஆண்டில் ஆய்வுக்கூடத்தில் மற்றவர்களை விட முன்னால் போனதையும் பார்த்திருக்கிறேன்.

எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. எந்த இடமாக இருந்தாலும், வளாகத்தைப் பார்க்க அழைக்கும் திறந்த இல்ல நாளில் முதலாண்டு மாணவரிடம் பேசிவிட்டு வராதீர்கள். மூன்றாம் ஆண்டு மாணவர் யாராவது இருக்கிறாரா என்று தேடுங்கள். "போன வாரம் ஆய்வுக்கூடத்தில் என்ன செய்தாய்?" என்று கேளுங்கள். கண் விரிந்து பத்து நிமிடம் பேசினால் அந்த இடம் நல்ல இடம். "ரிப்போர்ட் எழுதினோம்" என்று நிறுத்தினால் இன்னும் இரண்டு பேரிடம் கேட்டுப் பாருங்கள். சேரும் அன்று எல்லாக் கல்லூரியும் ஒரே மாதிரிதான் தெரியும். மூன்றாம் ஆண்டில்தான் வேறுபாடு தெரியும்.

இந்தக் கேள்வியை நீங்கள் கேட்காதீர்கள், மகளைக் கேட்க விடுங்கள். "நீங்களே சொல்லுங்க" என்று அவள் சொல்வது உங்கள் மனம் நோகக் கூடாது என்பதற்காகவும் இருக்கலாம்.

யீஷூன் அம்மா

மன்னிக்கவும், இதே இழையில் என் கேள்வியையும் போடுகிறேன். நாங்கள் நிரந்தரவாசிகள். மகன் இங்கே இந்தியப் பாடத்திட்டப் பள்ளியில் சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பு. பாட்டி தாத்தா சென்னையில். கிண்டிப் பொறியியல் கல்லூரியில் சேர்த்துவிட்டால் அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று வீட்டில் பேச்சு. இங்கே என்றால் கட்டணம் குடிமக்களைவிடக் கூடுதல், பிணைப்பும் உண்டு என்கிறார்கள். என்ன செய்யலாம்?

கிண்டிக்காரர்

அம்மா, நான் கிண்டியில் படித்தவன், இங்கே சாலை, பாலம் கட்டும் துறையில் இருக்கிறேன். என் கல்லூரியைப் பற்றிப் பேசச் சொன்னால் விடிய விடியப் பேசுவேன். 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. அந்தச் சிவப்புக் கட்டடத்தின் முன் நின்றாலே நெஞ்சு நிமிரும். குரோம்பேட்டை எம்ஐடியும் அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாகம்தான். விமானப் பொறியியல் என்றால் பலர் அதைத்தான் சொல்வார்கள், அப்துல் கலாம் படித்த இடம்.

ஆனால் அங்கே பொதுக் கலந்தாய்வு, தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து நடக்கிறது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கட்ஆஃப். கிண்டியில் கணினி, மின்னணு போன்ற துறைகளுக்கு 200ஐ ஒட்டியே போகும். வெளிநாட்டில் படித்த பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு. அதை அண்ணா பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு உறவு மையம் பார்க்கிறது. திருச்சி என்ஐடி போன்றவற்றுக்கு டாசா என்ற தனி வழி. அதற்கு இப்போது ஜேஇஇ மெயின் நுழைவுத் தேர்வு எழுதியிருக்க வேண்டும், கட்டணம் டாலரில். பையன் ஜேஇஇ எழுதினானா என்பதுதான் முதல் கேள்வி.

இதைவிடப் பெரிய விஷயம் தேசிய சேவை. பெற்றோர் வழியாக நிரந்தரவாசி ஆன ஆண் பிள்ளைக்கும் அது கட்டாயம். நேராகச் சென்னை போய் நான்கு ஆண்டு படித்துவிட்டு வருகிறேன் என்பது நடக்காது. வெளிநாட்டில் தங்க அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சேவை செய்யாமல் நிரந்தரவாசத்தை விட்டுவிட்டால், பிற்காலத்தில் அவன் இங்கே படிக்கவோ வேலை செய்யவோ விண்ணப்பிக்கும்போது அது குறுக்கே வரும். கல்லூரி எது என்று பேசுவதற்கு முன் மத்திய மனிதவளத் தளத்தில் கேட்டுவிடுங்கள்.

இங்கே படித்தால், மானியம் வாங்கும் நிரந்தரவாசி முடித்தபின் மூன்று ஆண்டு சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்ய வேண்டும். குடும்பமே இங்கே இருக்கும்போது அது சுமை இல்லை, அம்மா. எப்படியும் இங்கேதானே வேலை தேடப் போகிறான். தேசிய சேவைக்குப் போகும் முன்பே விண்ணப்பித்து இடம் வாங்கிவிட்டால், சேவை முடியும்வரை அந்த இடத்தை வைத்திருப்பார்கள்.

இந்தியாதான் என்று முடிவானால் ஒன்றைப் பாருங்கள். இந்தியா 2014இல் வாஷிங்டன் உடன்பாட்டில் சேர்ந்தது. ஆனால் தேசிய அங்கீகார வாரியம் முதல் அடுக்கில் அங்கீகரித்த படிப்புகளுக்கு மட்டும்தான் அது பொருந்தும். சென்னையைச் சுற்றி எத்தனையோ பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. பளபளக்கும் கட்டடத்தைப் பார்த்து நன்கொடை கட்டிவிடாதீர்கள்.

யீஷூன் அம்மா

ரொம்ப நன்றி அண்ணா. தேசிய சேவை பற்றி இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை. ஜேஇஇ எழுதியிருக்கிறான். முதலில் மனிதவளத் தளத்தில் விசாரிக்கிறோம். இங்கேயும் என்யுஎஸ், என்டியு இரண்டிலும் போடச் சொல்கிறேன்.

தெம்பனிஸ் அக்கா

யீஷூன் அம்மா, சிபிஎஸ்இ பிள்ளைகளுக்கு விண்ணப்பக் காலம் வேறு, ஏ நிலைப் பிள்ளைகளோடு சேர்ந்து வராது. அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள். ஜேசியில் பிள்ளை வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று: 2026 சேர்க்கையிலிருந்து பல்கலைக்கழகம் கணக்கிடும் ஏ நிலைப் புள்ளி 90க்கு இல்லை, 70க்குத்தான். பழைய ஆண்டுத் தகுதிப் புள்ளியோடு அப்படியே ஒப்பிட்டுப் பயப்படாதீர்கள்.

மின்னியல்காரன்

விரிவுரையாளர் ஐயா சொன்னது பெரும்பாலும் சரி. ஒரு விஷயத்தில் மட்டும் மாறுபடுகிறேன். தரவரிசை வேலைக்கு உதவாது என்று முழுவதும் தள்ளிவிட முடியாது. பன்னாட்டு நிறுவனங்களில் சில, ஆள் எடுக்க முதலில் வருவது என்யுஎஸ், என்டியு வேலைவாய்ப்புக் கண்காட்சிக்குத்தான். முதல் கதவு அங்கே கொஞ்சம் லேசாகத் திறக்கிறது. என்டியுவிலும் ஏறக்குறைய அரை ஆண்டு வேலைப்பயிற்சி உண்டு, வெறும் ஏட்டுப் படிப்பு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. உள்ளே போன பிறகு யார் எங்கே படித்தார் என்பதை எங்கள் ஆலையில் யாரும் கேட்பதில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அண்ணே, மகள் இன்னொரு துறைக்கு மாறவே மாட்டாள் என்று உறுதி இருந்தால் எஸ்ஐடி. அந்த உறுதி இல்லையென்றால் என்டியு. என் கருத்து இவ்வளவுதான்.

பழைய விரிவுரையாளர்

நியாயமான பேச்சு, தம்பி. நீங்கள் சொல்லும் கதவை நான் மறுக்கவில்லை. மின்திறன் என்றால் குறுகிய துறை என்ற எண்ணம் பழசு என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். இந்த நாட்டு மின்சாரம் 95 சதவீதம் அளவுக்கு இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. அதை மாற்ற வேண்டும் என்றுதான் 2021இல் தெங்கே நீர்த்தேக்கத்தின் மேல் 60 மெகாவாட் உச்சத் திறனுக்குச் சூரியத் தகடுகளை மிதக்க விட்டார்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டுக் கூரையெல்லாம் தகடு ஏறுகிறது, கார்நிறுத்தங்களில் மின்வாகனச் சார்ஜர் வருகிறது, பக்கத்து நாடுகளிலிருந்து மின்சாரம் வாங்கப் பேச்சு நடக்கிறது, தரவு மையங்கள் மின்சாரத்தைக் குடிக்கின்றன. பழைய மின்கட்டமைப்பு ஒரே திசையில் ஓடும் மின்சாரத்துக்காகக் கட்டியது. இப்போது கூரையிலிருந்தும் மின்சாரம் திரும்பி வருகிறது. பழுது வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கச் செய்யும் பாதுகாப்பு ரிலே அமைப்பிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி யோசிக்க ஆள் வேண்டும். அந்த வேலையில் கட்டுப்பாட்டியலும் மின்னணுவும் மென்பொருளும் கலந்துதான் இருக்கும்.

உட்லண்ட்ஸ் மகள்

வணக்கம். அப்பா இந்த இழையை எனக்குக் காட்டிக்கொண்டே இருந்தார், அதனால் நானே எழுதுகிறேன். தமிழில் நீளமாக எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விரிவுரையாளர் ஐயா சொன்ன மாதிரி இரண்டு இடத்துக்கும் போய் மூன்றாம் ஆண்டு மாணவர்களைத் தேடிப் பேசினேன். என்டியுவில் ஒரு அக்கா, மோட்டார் டிரைவ் ப்ராஜெக்ட் செய்கிறார். ரொம்ப நன்றாக விளக்கினார், அவர் ஆசையாகப் பேசினார். அங்கே எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. எஸ்ஐடியில் ஒருவர் போன வாரம் ரிலே செட்டிங் கணக்குப் போட்டதைச் சொன்னார். பயிற்சிக்குப் போன நிறுவனத்தில் அதே ரிலே நிஜமாகவே டிரிப் ஆனதாம். ஏன் டிரிப் ஆனது என்று ஒரு தாளில் எனக்கு வரைந்து காட்டினார். நான் கேள்வி கேட்கக் கேட்க அவர் இன்னொரு தாள் எடுத்தார். ட்ரெயினில் வரும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

எனக்கு விரிவுரையில் உட்கார்ந்து கேட்டால் பாதிதான் ஏறும். பாலியிலும் பயிற்சிக்குப் போன ஆறு மாதத்தில்தான் ஜிபிஏ ஏறியது, ஏனென்றால் எதற்காகப் படிக்கிறேன் என்று தெரிந்தது. துறை மாறுவேனா என்று மின்னியல்காரன் அண்ணா கேட்டார். மாற மாட்டேன் என்று நினைக்கிறேன், அண்ணா. சின்ன வயதில் அப்பா ஞாயிற்றுக்கிழமை அவசர வேலைக்குக் கிளம்பினால் நானும் வருகிறேன் என்று அழுவேன். ஸ்விட்ச்ரூமுக்கு உள்ளே விட மாட்டார், வாசலில் மஞ்சள் கோட்டுக்கு வெளியே நிற்கச் சொல்வார்.

எஸ்ஐடியை ஏற்றுக்கொள்கிறேன் என்று அப்பா அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பெரியப்பாவிடம் நானே பேசினேன். கணக்குக்கு விலக்குக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன், ஐயா.

செங்காங் தம்பி

வாழ்த்துகள்! ஏற்பைப் பல்கலைக்கழகங்களின் கூட்டு ஏற்புத் தளத்தில் செய்ய வேண்டும். ஒரே ஒரு இடத்தைத்தான் ஏற்க முடியும், ஏற்றதற்கு மின்னஞ்சல் வரும், அதைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். படிப்பு தொடங்குவதற்கு முன் முதலாண்டுக் கணக்குக் குறிப்புகள் வேண்டுமென்றால் தனிச் செய்தி அனுப்புங்கள், என்னிடம் இருக்கின்றன.

மின்னியல்காரன்

நல்ல முடிவு, தங்கச்சி. இவ்வளவு தெளிவாக இருந்தால் நான் சொன்ன அகலம் உனக்குத் தேவையில்லை. ரிலே பாதுகாப்புப் படிக்கும்போது மைக்ரோகன்ட்ரோலர் பாடம் ஒன்று விருப்பப் பாடமாகக் கிடைத்தால் எடுத்துக்கொள். இப்போது வரும் ரிலே எல்லாம் உள்ளே கணினிதான்.

உட்லண்ட்ஸ் வாசி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பெரியப்பாவிடம் அவள் பேசியதைப் பக்கத்திலிருந்து கேட்டேன், அதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அங்கீகாரம் பற்றியும் பாடவிலக்கு பற்றியும் மின்னஞ்சல் அனுப்பிவிட்டாள்.

இன்னும் ஒரே ஒரு கேள்வி. கட்டணத்துக்கு என் சிபிஎஃப் (மத்திய சேமநிதி) கணக்கிலிருந்து எடுக்கலாமா, வங்கிக் கல்விக் கடன் வாங்கலாமா? மகள் குடியுரிமை உள்ளவள். வீட்டுக்கு இன்னும் தவணை போய்க்கொண்டிருக்கிறது.

தெம்பனிஸ் அக்கா

தம்பி, இரண்டையும் நாங்கள் பார்த்தோம். சிபிஎஃப் கல்விக் கடனில் உங்கள் சாதாரணக் கணக்கில் சேர்ந்த தொகையில் 40 சதவீதம் வரை மானியம் போக மீதிக் கட்டணத்துக்கு எடுக்கலாம். படித்து முடித்து ஓராண்டில் அவள் வட்டியோடு உங்கள் கணக்கில் ரொக்கமாகத் திருப்பிக் கட்டத் தொடங்க வேண்டும், அதிகபட்சம் 12 ஆண்டு. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஏறும்.

கல்விக் கட்டணக் கடன் என்று பல்கலைக்கழகம் வழியாக வங்கி கொடுப்பது கட்டணத்தில் 90 சதவீதம் வரை. படிக்கும்வரை வட்டி இல்லை, முடித்த பிறகுதான். உங்கள் வீட்டுத் தவணை சாதாரணக் கணக்கிலிருந்து போகிறது என்றால், அங்கே இருப்புக் குறைந்து மாதத் தவணைக்குக் கையிலிருந்து போட வேண்டிய நிலை வரலாம். எங்களுக்கு அப்படித்தான் கணக்கு வந்தது, அதனால் கட்டணக் கடன் வாங்கினோம். வேலைக்குப் போனதும் மொத்தமாக அடைத்துவிட்டால் வட்டி பெரிதாகத் தெரியாது. சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) உதவித்தொகைக்கும் விண்ணப்பியுங்கள், குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பார்கள். கட்டணக் கடனுக்கு உத்தரவாதக் கையெழுத்துப் போட ஆள் வேண்டும். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்கே போய்வாருங்கள், அவரும் சேர்ந்து படிக்க வைத்த மாதிரி இருக்கும்.